திசை தப்பிய கப்பலும் ‘நாங்கள்’ என்ற சொல்லும்

விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் 27ஆம் அதிகாரம் முழுவதும் ஒரு கடற்பயணக் கதையே. கைதியாகிய பவுலை உரோமைக்குக் கொண்டுசெல்லும் கோதுமைக் கப்பலைக் கிரேத்துத் தீவருகே வடகீழ்க் காற்று பிடித்துக்கொள்கிறது. எதிர்த்து நிற்க முடியாமல், போன போக்கில் விட்டுவிடுகிறார்கள். சரக்கைக் கடலில் எறிகிறார்கள். மறுநாள் கப்பல் தளவாடங்களையும் எறிகிறார்கள். பல நாள் சூரியனுமில்லை, விண்மீனுமில்லை. 14ஆம் இரவில் குண்டு விட்டு ஆழம் பார்த்தால் 20 பாகம். சற்றுத் தள்ளி 15 பாகம். கரை நெருங்குகிறது!

இக்கதையைப் பக்திக்காக வாசிப்போர் பலர். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரேயொரு சொல்லை. கதை சொல்பவர் தன்மைப் பன்மையில் பேசுகிறார். கிரேக்கத்தில் அதற்கு ஒரே சொல்தான். கன்னடத்திலும் ‘நாவு’ ஒன்றுதான். தமிழில் மொழிபெயர்ப்பவரோ ‘நாமா, நாங்களா’ என்று முடிவுசெய்தே தீரவேண்டும். “நாம போலாம்” என்பதற்கும் “நாங்க போறோம்” என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததா?

தொடக்கத்தில் அந்த ‘நாங்கள்’ பவுலும் அவருடைய தோழர் சிலரும் மட்டுமே. 37ஆம் வசனத்திலோ கைதி, படைவீரன், மாலுமி எல்லாரும் சேர்ந்து 276 பேர் ஆகிவிடுகிறார்கள். சொல் மாறவில்லை, புயல் அதன் எல்லையை விரித்துவிட்டது. ஆனால் மாலுமிகள் சிறுபடகில் நழுவப் பார்க்கும்போது, “இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள்” என்ற கருத்துப்பட வீரரிடம் பவுல் பேசுகிறார். ‘நாம்’ என்று சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. கப்பலுக்குள்ளே பிளவு இருப்பதை அவர் மறைக்கவில்லை.

இன்னும் கூர்மையானது 42ஆம் வசனம். ஒன்றாக உணவு உண்டவர்கள்தாம். ஆனால் கப்பல் தரைதட்டியதும், கைதிகள் நீந்தித் தப்பிவிடுவார்களென்று அவர்களைக் கொன்றுவிட வீரர்கள் எண்ணுகிறார்கள். நூற்றுவர் தலைவன் ஒருவன் தடுத்ததால் எல்லாரும் கரை சேர்கிறார்கள். ஆபத்து உண்டாக்கிய ஒற்றுமை, ஆபத்து தீரும்போதே தளர்ந்துவிடுகிறது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைக் கண்ட பெங்களூரில் இருந்துகொண்டு இந்த வசனத்தைச் சும்மா தாண்டிப்போக என்னால் முடியவில்லை.

நம் மணிமேகலையிலும் கப்பல் உடைகிறது. பொருளிழந்து கடலேறிய சாதுவன் ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைகிறான். அவனைத் தின்ன வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான், பிழைக்கிறான். பவுலின் கப்பலார் ஒதுங்கிய மால்தாத் தீவினரை மூலநூல் ‘பார்பரோய்’ என்கிறது. வேற்றுமொழி பேசுவோர் என்பதே அதன் அடிப்பொருள். மழையிலும் குளிரிலும் நனைந்து வந்தவர்களுக்குத் தீ மூட்டி வரவேற்றவர்கள் அவர்களே.

இரண்டையும் ஒப்பிட்டால் சாதுவன் கதையில் வந்தவன் மொழி கற்றிருக்கிறான். மால்தாவில் இருந்தவர்கள் இடம் கொடுக்கிறார்கள். இவ்விரண்டும் கூடும் இடத்தில்தான் ‘நாங்கள்’ என்பது ‘நாம்’ ஆகும். புயல் ஓய்ந்த பின்னும் அது நிலைக்குமா என்பதே, இவ்வூரில் கன்னடம் பேசக் கற்ற நமக்கு இந்த அதிகாரம் வைக்கும் கேள்வி என்பேன்.