1.4 ஆல் பெருக்கினால் சரியாகிவிடுமா?

திரையில் ஒரு நிறத்தைத் தேடி, கிடைத்த இடத்தில் க்ளிக் செய்யும் ஸ்க்ரிப்ட்டுகள் ஆட்டோஹாட்கீ உலகில் ஏராளம். எழுதியவரின் கணினியில் கச்சிதமாக ஓடும், வேறு திரைக்குப் போனதும் தடுமாறும். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான். புதிய அகலத்தைப் பழைய அகலத்தால் வகுத்து, வரும் எண்ணால் எல்லா இடங்களையும் பெருக்கு. 1366×768-லிருந்து 1920×1080-க்குப் போனால் அந்த எண் சுமார் 1.4056. கேட்க நியாயமாத்தான் இருக்கு. இந்த மருந்தின் ஆபத்தே அது பாதி நேரம் வேலை செய்வதுதான்.

விண்டோஸ் 10-இல், 100% ஸ்கேலிங்கில், முழுசாக விரித்த ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். வலது மேல் மூலையில் மூன்று பட்டன்கள், ஒவ்வொன்றும் சுமார் 46 பிக்சல் அகலம். சின்னத் திரையில் மூடும் பட்டனின் நடுப்புள்ளி 1343. பெருக்கினால் 1888 வரும். பெரிய திரையில் அதுவும் மூடும் பட்டன்மேலேயே விழுகிறது. பார்த்தீங்களா, சூத்திரம் சரி என்று தோன்றும். இப்போது நடுவில் உள்ள ரீஸ்டோர் பட்டனைப் பாருங்கள். அதன் நடுப்புள்ளி 1297, பெருக்கினால் 1823. ஆனால் பெரிய திரையில் ரீஸ்டோர் பட்டன் 1828-இல்தான் தொடங்குகிறது. 1823-இல் இருப்பது மினிமைஸ். ஜன்னல் கீழே போய்விடும், ஸ்க்ரிப்ட்டுக்கு அது தெரியாது, அடுத்த க்ளிக் பின்னால் எது திறந்திருக்கிறதோ அதில் விழும். ராத்திரி ஆளில்லாமல் ஓடும் கணக்குப் பதிவு வேலை என்றால் காலையில் என்ன மிஞ்சும்?

திரை பெரிதானால் சாஃப்ட்வேர் ரப்பர் ஷீட் மாதிரி இழுபடுவதில்லை. வலதில் ஒட்டியது வலது ஓரத்திலிருந்து அதே தூரத்தில் நிற்கும், இடதில் ஒட்டியது இடதிலேயே இருக்கும், நடுவில் காலி இடம்தான் கூடும். ஆகவே அளக்க வேண்டியது எந்த ஓரத்திலிருந்து என்பதுதான் கேள்வி. பெருக்கல் பிறகுதான் வரும், அதுவும் ஸ்கேலிங் மாறினால் மட்டும்.

ஸ்கேலிங் தனிக் கதை. 1920×1080 திரையில் 125% வைத்திருந்தால், டிபிஐ பற்றி அறியாத ஒரு நிரலிடம் விண்டோஸ் "உன் திரை 1536×864" என்று சொல்லும். 16 பிக்சல் ஐகான் 20 ஆகும், விளிம்பு நிறங்கள் கலங்கும். முன்பு பிடித்துவைத்த படம் பொருந்தாது.

அப்போது பலரும் செய்வது: நிற வேறுபாட்டு எல்லையை ஏற்றுவது. பிக்சல்சர்ச்சில் அதை 40 ஆக்கினால், ஒவ்வொரு வண்ணச் சேனலிலும் 81 மதிப்புகள் வரை செல்லும். மொத்தம் 5,31,441 நிறங்கள் "அதே நிறம்" ஆகிவிடும்! இதைத் தேடல் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பைஆட்டோஜியூஐ-யில் நம்பக அளவைக் குறைப்பதும் இதே பழக்கம்தான். தேடிக் கிடைக்காமல் நிற்கும் ஸ்க்ரிப்ட் ஒரு தகவல் தருகிறது. தவறானதைக் கண்டுபிடித்து முன்னேறும் ஸ்க்ரிப்ட் அதையும் மறைத்துவிடுகிறது.

2009-இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த சிகுலி, எண்களுக்குப் பதில் படங்களையே ஸ்க்ரிப்ட்டில் எழுதவைத்தது. அழகான யோசனை. பட்டன் எங்கே நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும். ஆனால் படம் பிடித்த அளவு மாறினால் அதுவும் திணறும். இடத்தின் பிடியிலிருந்து விடுதலை தந்தது, அளவின் பிடியிலிருந்து தரவில்லை.

பட்டனைப் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தால் பிக்சலே வேண்டாம். விண்டோஸில் யூஐ ஆட்டோமேஷன் அதற்குத்தான் இருக்கிறது. ஆனா ரிமோட் டெஸ்க்டாப்பில் நம் கைக்கு வருவது வெறும் படம்தான், பல கேம்களிலும் அப்படித்தான். அங்கே பிக்சலை விட்டால் வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 100, 125, 150 சதவீதத்துக்குத் தனித்தனிப் படங்கள் வைத்துக்கொள்ளலாம். நிறம் பார்க்கும் புள்ளியை எழுத்தின் விளிம்பில் வைக்காமல் ஒரே நிறமான பரப்பில் வைக்கலாம். க்ளிக்குக்கு முன் அருகில் இன்னும் இரண்டு புள்ளிகளின் நிறத்தைச் சரிபார்த்து, ஒன்று பொருந்தாவிட்டாலும் ஸ்க்ரிப்ட்டை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.