மேபெல் நார்மண்டின் நகைத்திறன்

பேசாப்பட வரலாறு எழுதுவோர் மேபெல் நார்மண்டைச் சாப்ளினுக்குத் துணைநின்ற நடிகை என்ற அளவிலேயே கூறிச் செல்வர். இது காலமுறைக்கே மாறானது. 1912-இல் மாக் செனெட் கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கியபோதே மேபெல் அங்குத் தலைமை நடிகை. சாப்ளின் திரையில் தோன்றியதோ 1914-இல்தான். அவருடைய நாடோடி வேடம் முதற்கண் படமாக்கப்பெற்றது 'மேபெல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரடிக்கமென்ட்' என்னும் படத்தில் (முதலில் வெளிவந்தது வேறொன்று). அதனை இயக்கியவர் மேபெல் என்பதே இன்று பெரும்பாலார் கொள்கை. 'மேபெல் அட் தி வீல்' படப்பிடிப்பில் இருவர்க்கும் பிணக்கு நேர்ந்தது. அவர்தம் இயக்கும் தகுதியில் தாம் ஐயுற்றதைச் சாப்ளின் 1964-இல் வெளிவந்த தன்வரலாற்றில் குறித்துள்ளார். ஒருதலைச் சான்றே பின்வந்தோர்க்குத் தீர்ப்பாயிற்றுப் போலும்!

யாம் படங்களையே சான்றாகக் கொள்வோம். முற்கூறிய படத்தில், விளையாட்டுப் பந்தின் பின்சென்று, தன் அறைக்கதவு பூட்டிக்கொள்ள, இரவுடையோடு தாழ்வாரத்தில் அகப்பட்டு நிற்கிறாள் தலைவி. ஆண்டு விழுதலும் அடிபடுதலும் நகை பயப்பன அல்ல. நாணமும் குறும்பும் ஒருங்கே தோன்றும் மெய்ப்பாடே நகை பயப்பது. சாப்ளின் அப்படத்தில் குடித்துத் தள்ளாடுகிறார். மேபெலோ பெரும்பாலும் கண்களாலேயே நடிக்கிறார்.

1922-இல் இயக்குநர் டெய்லர் கொலையுண்டபோது, குற்றம் சாட்டப்பெறாமலே அவர் பழி சுமந்தார். 1930-இல் என்புருக்கி நோயால் மறைந்தார். திறனாய்வாளர் பலர் அப்பழியை விரித்தெழுதுவர். 1918-இல் வெளிவந்த 'மிக்கி'யைப் பற்றியோ ஒரு வரியோடு அமைவர்.