கட்டுகிறவரும் காக்கிறவரும்

நூல் திறனாய்வு

மென்பொருள் நிறுவனங்களில் நெடுங்காலமாக இரண்டு பிரிவினர் உண்டு. நிரல் எழுதுவோர் ஒரு பிரிவினர். எழுதப்பட்ட நிரலைக் கணிப்பொறிகளில் ஏற்றி, இரவு பகல் பாராமல் அது நிற்காது ஓடும்படி காப்போர் மற்றொரு பிரிவினர். முன்னவர்க்குப் புதுமை வேண்டும். பின்னவர்க்கு அமைதி வேண்டும். எனவே ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர்க்குத் தொல்லையாகப் படுவது இயல்பே.

இவ்விரு பிரிவினரையும் ஒரே பொறுப்பின் கீழ்க் கொண்டுவர எழுந்த முறையே டெவ்ஆப்ஸ் என்பது. 'டெவலப்மென்ட்', 'ஆபரேஷன்ஸ்' என்னும் இரு சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டிச் செய்த பெயர் இது. 2009 ஜூன் மாதத்தில் ஃபிளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும், தாங்கள் ஒரு நாளில் பத்து முறைக்கு மேல் மாற்றங்களை ஏற்றும் விதத்தை ஒரு மாநாட்டில் விளக்கினர். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா கூட்டிய கூட்டம் இப்பெயரைப் பரப்பிற்று.

இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்ற நூல் 'தி ஃபீனிக்ஸ் பிராஜெக்ட்'. ஜீன் கிம், கெவின் பெஹர், ஜார்ஜ் ஸ்பாஃபோர்டு மூவரும் எழுதி 2013இல் வெளிவந்தது. இது பாடநூல் அன்று, நாவல். ஆலை ஒன்றைக் கதைக்களமாக்கி எலியாகு கோல்ட்ராட் 1984இல் வெளியிட்ட 'தி கோல்' என்னும் நாவலின் வழியில் எழுதப்பட்டது.

கதையும் கருத்தும்

கார் உதிரிப்பாகங்கள் செய்து விற்கும் கற்பனை நிறுவனம் ஒன்றில் பில் பால்மர் என்பவர் கணிப்பொறிப் பிரிவின் பொறுப்பை ஏற்கிறார். ஏற்ற அன்றே சம்பளப் பட்டியல் கெடுகிறது. நிறுவனத்தின் பெருந்திட்டமான 'ஃபீனிக்ஸ்' அவசரமாக ஏற்றப்பட்டுக் குழப்பத்தில் முடிகிறது. எந்தக் கோளாறானாலும் பிரெண்ட் என்ற ஒரே ஊழியரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. எரிக் என்னும் வழிகாட்டி பில்லை ஆலைக்கு அழைத்துச் சென்று, தேங்கிக் கிடக்கும் சரக்கைக் காட்டி உண்மையை உணர்த்துகிறார்.

அவர் கூறும் வழிகள் மூன்று. வேலை சிறு சிறு அளவில் தடையின்றி ஓட வேண்டும். பிழை பற்றிய செய்தி உடனுக்குடன் திரும்பி வர வேண்டும். சோதனை செய்து கற்பது அன்றாட வழக்கமாக வேண்டும்.

காஞ்சிபுரத்துத் தறியில்

இவற்றை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்க ஆலைக்குப் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றே போதும். பட்டுச் சேலையின் புட்டாவை ஒருவர் கட்டத் தாளில் வரைகிறார். மற்றொருவர் அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகிறார். ஊடை இழை ஒன்றுக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் அவற்றைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுகிறார்கள். துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த இந்த ஏற்பாடு, பின்னாளில் கணிப்பொறிக்குத் துளை அட்டை வருவதற்கு முன்னோடி ஆயிற்று.

ஓர் அட்டையில் ஒரு துளை பிசகினால் என்ன ஆகும்? அப்பிழை ஒவ்வொரு புட்டாவிலும் தவறாமல் வரும். முதல் புட்டாவிலேயே நெய்பவர் கண்டு, வரைந்தவரிடம் சொல்லிவிட்டால் ஓர் அட்டையை மாற்றினால் போதும். சேலை முடிந்து கடைக்குப் போன பின் கண்டால் மாற்று வழியே இல்லை. பிழையை முதலில் காண்பவர் நெய்பவர். பிழையைச் செய்தவரோ வேறு தெருவில் இருக்கிறார். குற்றம் அட்டையில், கேள்வி தறியில்! டெவ்ஆப்ஸ் தீர்க்க முயலும் சிக்கல் இதுவே.

கோர்வைச் சேலையில் தீர்வையும் காணலாம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருப்பதால் ஊடைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்கு அருகிலேயே துணையாள் ஒருவர் அமர்ந்து நாடா தள்ளுகிறார். ஓர் இழை தவறினால் இருவர் கண்ணிலும் உடனே படும். ஒருவர் முடித்து மற்றவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அங்கில்லை.

எது நூலின் வலிமை?

மாற்றத்தைக் கையால் செய்யாமல், சோதித்த இயந்திர வழியில் செய்க என்று நூல் வற்புறுத்துவது மிகச் சரி. 2012 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் வணிகம் செய்த நைட் கேபிடல் நிறுவனம் 45 நிமிடங்களில் சுமார் 44 கோடி டாலர் இழந்தது. புதிய நிரலை எட்டுக் கணிப்பொறிகளில் ஏற்ற வேண்டியிருக்க, ஒன்றில் மட்டும் விட்டுப்போயிற்று. அதை மறுமுறை சரிபார்க்க இரண்டாம் ஆள் இல்லை. தனி ஒருவரின் கவனத்தை மட்டும் நம்பிய ஏற்பாட்டின் விலை அது.

குறைகள்

முதற்குறை, எரிக் என்னும் பாத்திரம். எல்லாம் அறிந்த குருநாதர் வந்து உபதேசிக்க, பகைவர் நண்பராகி, நலிந்த நிறுவனம் விரைவில் எழுந்து நிற்கிறது. நாவலுக்கு இது சுவை. நிறுவனத்துக்கு இது வழிகாட்டி ஆகாது. கருவிகளை ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். பிழையை ஒளிக்காமல் சொல்லும் துணிவை அப்படி வாங்க முடியாது. சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்பதைப் பலமுறை கண்ட பிறகே அது வளரும்.

இரண்டாம் குறை நம்மை நேரே தொடுவது. தொண்ணூறு நாளில் நிலைமையைச் சீர்செய்யாவிட்டால் கணிப்பொறிப் பிரிவு முழுவதையும் வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்பதே கதையில் பில்லின் தலைமேல் தொங்கும் கத்தி. அந்த 'வெளி நிறுவனம்' எங்கே இருக்கும்? சென்னையில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம். அமெரிக்க வாசகருக்கு அச்சமாக இருப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை. கட்டும் பணி ஒருவருக்கும் காக்கும் பணி வேறொருவருக்கும் என்று ஒப்பந்தம் எழுதிவிட்டால், நடுவிலுள்ள சுவரைக் கூடிப் பேசி இடிக்க முடியாது. இரவெல்லாம் விழித்திருந்து ஒரே கோளாறை நூறாவது முறை சரிசெய்யும் ஊழியருக்கு, கோளாறின் வேரான நிரல் வரியைத் தொட உரிமை இல்லை. இவரைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது, உழைப்பின் கணக்கு. 'கட்டியவரே ஓட்டுக' என்று அமேசானின் வெர்னர் வோகல்ஸ் 2006இல் கூறிய கொள்கை சிறந்ததே. ஆனால் ஆளைக் குறைத்துவிட்டு, பகலில் எழுதியவரையே இரவிலும் தொலைபேசிக்கு விழித்திருக்கச் செய்தால் அது சீர்திருத்தம் ஆகாது, இரட்டைச் சுமை. வடிவம் வரைவதும் நெய்வதும் உன் வேலை, கூலி மட்டும் பழையதே என்றால் எந்த நெசவாளர் ஏற்பார்?

முடிவாக

இந்நூலைப் படிக்கலாம், படித்தபின் ஜீன் கிம், நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள் மூவரும் 2018இல் வெளியிட்ட 'ஆக்சிலரேட்' நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எத்தனை முறை ஏற்றுகிறோம், எழுதியது பயனுக்கு வர எவ்வளவு காலம், எத்தனை மாற்றங்கள் பழுதாகின்றன, பழுதிலிருந்து மீள எவ்வளவு நேரம் என்ற நான்கு அளவுகளை அது தருகிறது. அவை பெரும்பாலும் ஊழியர்களிடம் கேட்டுப் பெற்ற விடைகளிலிருந்து வந்தவை என்பதை மறக்கலாகாது.

நம் நிறுவனங்கள் இம்முறையை மேற்கொள்ளும்போது கருவிப் பட்டியலை எடுப்பதற்கு முன் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்க்கட்டும். காப்பவருக்கு நிரலைத் திருத்தும் உரிமை உண்டா? இரவு விழிப்புக்கு ஓய்வும் ஊதியமும் உண்டா? பிழையைச் சொன்னவர் பாதுகாப்பாக இருக்கிறாரா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை கூற முடியாத இடத்தில் டெவ்ஆப்ஸ் என்பது பழைய அறைக்கு மாட்டிய புதிய பெயர்ப்பலகையாகவே இருக்கும்.