ஒளி எந்தப் பக்கத்திலிருந்து? கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையும் மட்டக்களப்பு வாவியும்

ஈழப்போரைச் சித்திரக்கதையாகச் சொன்ன ஆக்கங்களில் வெளியுலகம் அதிகம் அறிந்தது 'வன்னி'. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொல்லொக் வரைந்த இக்கதையின் தொடக்க இயல்கள் முதலில் இணையத்தில் வெளிவந்தன. 2019இல் அது முழு நூலானது. டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவுப்படி ஐ.நா. அங்கிருந்து வெளியேறியபோது தானும் வெளியேற நேர்ந்தவர். சாட்சியங்களைச் சித்திரக்கதையாக்கி இணையத்தில் வெளியிடும் 'பொசிட்டிவ்நெகட்டிவ்ஸ்' என்ற அமைப்பை 2012இல் தொடங்கியவரும் அவரே. சுனாமியில் சிதைந்த ஒரு மீனவக் கிராமத்திலிருந்து முகாம் முகாமாக நகர்ந்து இலண்டனில் தஞ்சம் கேட்டு நிற்கும் ஒரு குடும்பத்தின் கதை 'வன்னி'. வண்ணம் கிடையாது. படிக்கிறவருக்கு அது ஒரு தேர்வு என்றே தோன்றுவதில்லை. போர், இழப்பு, சாட்சியம் என்றால் கறுப்பு வெள்ளைதானே என்று கண் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அந்த ஒப்புதலை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கறுப்பு வெள்ளை உண்மைக்கு உத்தரவாதம் அல்ல; அது ஒரு மரபு. முகத்தையும் கையையும் மூடிய அறையையும் வரைந்து வரைந்து வளர்ந்த மரபு. அதை அப்படியே தூக்கிவந்து மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்தால், சாட்சியம் சொல்பவர் கிடைப்பார். அவர் நின்ற இடம் கிடைக்காது. இங்கே இடம் வெறும் பின்னணி அல்ல என்பதால் அந்த இழப்பு சிறியதும் அல்ல.

'வன்னி'யை அதன் பதிப்பாளர்கள் 'மௌஸ்', 'பெர்செபொலிஸ்', 'பாலஸ்தீன்' ஆகியவற்றின் வரிசையில் வைத்தே அறிமுகப்படுத்தினார்கள். மூன்றும் கறுப்பு வெள்ளை என்பதால் ஒரே குடும்பம் போலத் தோன்றலாம். ஆனால் மூன்றிலும் உள்ள கறுப்பு வேறு வேறு. ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தாயின் தற்கொலையைப் பற்றி வரைந்து 1973இல் வெளிவந்த குறுங்கதையில் மரச்செதுக்குப் படம் போன்ற, கீறிக் கீறி எடுத்த கனத்த கறுப்பைப் பயன்படுத்தினார். யூத இனப்படுகொலையை 'மௌஸ்' ஆக வரையப் புகுந்தபோது அந்தப் பாணியைக் கைவிட்டார். அது வாசகரின் உணர்ச்சியை முன்கூட்டியே தீர்மானித்துவிடும் என்று கருதினார். அச்சில் வரப்போகும் அதே அளவில், சாதாரண ஊற்றுப் பேனாவால், நாட்குறிப்பு எழுதுவதுபோல வரைந்தார். கோடு நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டார். 'பெர்செபொலிஸ்' வரைந்த மர்ஜான் சத்ராபியின் கறுப்பு இதற்கு நேர்மாறு. அது தட்டையானது, அடர்ந்தது, ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே இல்லாதது. நினைவில் நிழல் விழுவதில்லை என்பதுபோல, ஒரு சிறுமி நினைவில் வைத்திருக்கும் தெஹ்ரான் அது. (தமிழில் விடியல் பதிப்பகம் இதைக் கொண்டுவந்ததால் நம் வாசகர்களுக்கு மிகவும் பழகிய பாணி இதுதான், இணையத்தில் வரையத் தொடங்குவோரின் கை முதலில் இதன் பக்கம் போவதும் அதனால்தான்.) 'பாலஸ்தீன்' வரைந்த ஜோ சக்கோ பத்திரிகையாளர். புகைப்படங்களையும் குறிப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு சேற்றையும் தகரக் கூரையையும் குறுக்குக் கோடுகளால் கட்டி எழுப்புகிறவர். ஒருவர் கையெழுத்தையும், ஒருவர் நினைவையும், ஒருவர் ஆவணத்தையும் தேடி அந்தந்தக் கறுப்பை அடைந்தார்கள். தேடலை விட்டுவிட்டுக் கண்டடைந்ததை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பின்னால் வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது.

'வன்னி' அந்தப் பிழையை முழுதாகச் செய்யவில்லை. அதன் பலங்கள் உண்மையானவை. போருக்குப் பிந்திய இலங்கையில் சாட்சியம் சொன்னவரின் முகம் புகைப்படத்தில் வந்தால் ஆபத்து. கோட்டுருவத்தில் அந்த முகம் மறைந்தும் இருக்கிறது, வாசகரைப் பார்த்தும் இருக்கிறது. பலருடைய வாக்குமூலங்களை ஒரு குடும்பத்தின் கதையாக இழைத்திருப்பதால் எவர் ஒருவரையும் சுட்டிக் காட்ட முடியாது. சித்திரவதையைச் சொல்லும்போது வண்ணம் இல்லாதது பெரிய உதவி. இரத்தம் சிவப்பாக இருந்திருந்தால் கண் அதில் நின்றுவிடும். கறுப்பாக இருப்பதால் அது பக்கத்திலுள்ள மற்றக் கறுப்புகளோடு சேர்ந்துவிடுகிறது. வாசகர் அந்த மனிதரின் கண்ணுக்குத் திரும்புகிறார். அரசப் படையின் குண்டுவீச்சை மட்டுமல்லாமல், புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பையும் மறைக்காமல் வரைந்த துணிவும் இதில் சேரும். ஆனால் இது ஓட்டத்தின் கதை. ஊர் தொடக்கத்திலேயே போய்விடுகிறது. அதன்பின் எந்த இடமும் தங்குமிடமல்ல, கடக்குமிடம் மட்டுமே. துரத்தப்படுகிறவர் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க மாட்டார். ஆகவே அந்தக் கதைக்கு அந்தக் கோடு போதும்.

மட்டக்களப்பின் போர் பெரும்பாலும் ஓட்டமாக இருக்கவில்லை. ஊரில் இருந்துகொண்டே, நாள்தோறும் வாவியைக் கடந்துகொண்டே வாழ்ந்த போர் அது. சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்கு தெற்காகக் கிடக்கும் இந்த நீர், கடலோர எழுவான்கரையையும் மேற்கே வயலும் மேய்ச்சல் தரையுமான படுவான்கரையையும் பிரிக்கிறது. காலையில் படுவான்கரையில் நிற்பவருக்கு எதிர்க்கரைத் தென்னைகள் ஒளியை மறைத்த கறுப்பு வரிசை. மாலையில் எழுவான்கரையில் நிற்பவருக்கு அதே கறுப்பு மேற்கே இடம் மாறிவிடும். தோணியில் வருகிறவரின் முகம் தெளிவாகத் தெரிகிறதா, வெறும் நிழலுருவமாகத் தெரிகிறதா என்பதை நேரமும் கரையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. போர்க்காலத்தில் நீண்ட காலம் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை படையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான்; போர் நாட்களில் அங்கே தோணி ஏறியவர் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குப் போனார். அப்படியானால் ஒரு கட்டத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பது அலங்காரமல்ல, தகவல். எந்தக் கரை, எந்த நேரம், யாருடைய காவலரண் முன்னால் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடக்கூடிய தகவல். சத்ராபியின் தட்டைக் கறுப்பு இந்தத் தகவலை முதல் கட்டத்திலேயே தூக்கி எறிந்துவிடுகிறது.

வாவியை வரைந்த முக்கியமான சித்திரநூல் ஏற்கனவே இருக்கிறது. அது வேறு வழியில் போனது. மட்டக்களப்பில் வேர்களைக் கொண்ட சரண்யா மணிவண்ணன் 2021இல் ஆங்கிலத்தில் எழுதித் தாமே வரைந்த 'இன்கான்டேஷன்ஸ் ஓவர் வாட்டர்' நூலில், கல்லடி வாவியின் கடற்கன்னி இலாவே கதைசொல்லி. நகரெங்கும் மீன்மகளின் உருவம் சிலையாகவும் சின்னமாகவும் நிற்க, அவளைப் பற்றிய நாட்டார் கதை அரிதாக இருப்பதிலிருந்து எழுந்த புனைவு அது. நிலவும் நீரும் வண்ணமாக வரும்போது, கறுப்பு வெள்ளையில் வரைந்தவர்கள் கைவிட்ட ஒளி அங்கே திரும்பி வந்துவிடுகிறது. அதற்குக் கொடுத்த விலை, காலம். அந்த நீர் தொன்மத்தின் நீராகிவிடுகிறது. போர் அதன் ஆழத்தில் கிடந்தாலும் காவலரணும் வரிசையும் அடையாள அட்டையும் அந்த நீலத்துக்குள் கூர்மை இழக்கின்றன. 'வன்னி' காலத்தைப் பிடித்து இடத்தை விட்டது என்றால் இந்நூல் இடத்தைப் பிடித்துக் காலத்தைத் தளர்த்தியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கக்கூடியது சாம்பல் தெரிந்த ஒரு கறுப்பு வெள்ளை என்பதே என் வாதம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு அழகியல் சார்ந்ததல்ல, பாதுகாப்பு சார்ந்தது. இடத்தை அவ்வளவு நுணுக்கமாக வரைந்தால் சாட்சி அகப்பட்டுவிட மாட்டாரா? முகத்தை மறைத்துவிட்டு அவர் வீட்டுப் படலையை வரைவதில் என்ன பயன்? நியாயமான கேள்விதான். கோயில் கோபுரத்தையோ ஒரு குறிப்பிட்ட துறையையோ அடையாளம் தெரியும்படி வரைவது கூடாது. ஆனால் நான் கேட்பது அதுவல்ல. கிடுகு வேலி, கண்டல் வேர்கள், வீச்சு வலை விரியும் விதம், ஆழமில்லாத நீரில் காலை ஒளி விழும் கோணம் ஆகியவை ஏறாவூர் தொடங்கித் தெற்கே எத்தனையோ ஊர்களுக்குப் பொது. அவை எவரையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் கதை நடப்பது இங்கேதான், வேறெங்கும் அல்ல என்பதைக் காட்டிவிடும். முகவரியை மறைக்கலாம், மண்ணை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு கைபேசியிலிருந்து வருகிறது. இணையச் சித்திரக்கதையை இன்று பெரும்பாலோர் படிப்பது உள்ளங்கை அகலத் திரையில், மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளி. சக்கோவின் நெருக்கமான குறுக்குக் கோடுகள் அந்த அளவுக்குச் சுருங்கினால் அழுக்குச் சாம்பலாகிவிடும். வலையின் கண்களை ஒன்றுவிடாமல் வரைந்தால் திரையில் அது வலையாகத் தெரியாது, நெளியும் கறையாகத் தெரியும். தட்டைக் கறுப்பு திரையில் தப்பிப் பிழைக்கும் என்பது உண்மை. அதைவிட அடிப்படையான சிக்கல் வடிவத்தில் இருக்கிறது: வாவி கிடையானது, கைபேசி நெட்டானது. அகன்ற நீர்ப்பரப்பைத் திரை அகலத்துக்குள் அடக்கினால் விரல் அகலப் பட்டைதான் மிஞ்சும். ஆனால் இந்த மறுப்பே ஒரு வழியையும் காட்டுகிறது. அந்தப் பட்டைக்கு மேலும் கீழும் வெற்று வெள்ளையை விட்டால், வாசகர் தள்ளிக் கடக்க வேண்டிய அந்த வெறுமையே கடத்தலின் நேரமாகிவிடும். கரையில் தொடங்கி, வெள்ளையில் நகர்ந்து, எதிர்க்கரையில் முடியும் ஒரு பயணத்துக்கு நெட்டுத் திரை பகையல்ல. வலைக்கு முழுக் கண்களும் தேவையில்லை. விளிம்பு வட்டமும் ஈயக் குண்டுகள் நீரைத் தொடும் இடத்தில் சில அழுத்தமான புள்ளிகளும் போதும். சாம்பலுக்குக் கோடுகளை நெருக்க வேண்டியதுமில்லை. மையில் நீர் கலந்து தூரிகையால் ஓர் இழுப்பு இழுத்தால் அது எந்தத் திரையிலும் சாம்பலாகவே இருக்கும்.

இந்தச் சிக்கனத்தைக் கற்க நியூயோர்க்குக்கோ பாரிசுக்கோ போக வேண்டியதில்லை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் வரைந்த படங்களில், கல்லின் மேல் ஒளி விழும் திசையே உருவத்தைக் கட்டுகிறது. மட்டமான வாரப்பத்திரிகைத் தாளையும் தாங்கி நின்ற கோடு அது. மட்டமான திரையையும் தாங்கும். முகத்துக்கும் உடல்மொழிக்கும், 1963இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் போன 'சிரித்திரன்' இதழின் சுந்தர் இருக்கிறார். தன் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பரின் நடையை ஒரு வளைகோட்டில் சொன்னவர். பக்க அமைப்புக்கு, தா. சனாதனனின் 2011ஆம் ஆண்டு நூலான 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' ஒரு திறவுகோல். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுக்க, அதைக் கட்டடக்கலைஞரின் கோடாகவும் ஓவியரின் படமாகவும் அடுக்கிய நூல். ஒருவர் கிணற்றைப் பெரிதாகவும் கூடத்தைச் சிறிதாகவும் வரைந்தால் அந்தப் பிழையே சாட்சியம். கட்டம் கட்டமாக நகராத ஒரு போர்க்கதை சாத்தியம் என்பதற்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு நமக்கு இல்லை. இப்படிச் சொல்வதைப் பிறநாட்டுச் செல்வாக்கை ஒதுக்கும் வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சித்திரக்கதை வாசகர்களின் கண்ணே 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு சிவகாசியிலிருந்து கொண்டுவந்த பிரித்தானியக் கறுப்பு வெள்ளையில் பழகியதுதான். எதைக் கடன் வாங்குகிறோம் என்பதைவிட, எந்தச் சிக்கலைத் தீர்க்க வாங்குகிறோம் என்பதே முக்கியம்.

சாம்பலை இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒளி மட்டும் காரணமல்ல. கறுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்ட பக்கம், கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் இரண்டு நிறமாகப் பிரிக்க ஆசைப்படும். வன்னியின் இறுதி மாதங்களுக்கு அது ஓரளவு பொருந்தினாலும் பொருந்தலாம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடுத்துக் கிடக்கும் இந்தக் கரைக்குப் பொருந்தாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று மட்டக்களப்பு நகரின் தெற்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 9 அன்று நகரின் வடக்கே சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் தமிழ்க் கிராமத்தவர் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் இடையே ஐந்து வாரமும் சில மைல்களும். இவற்றில் ஒன்றை மட்டும் வரையும் சித்திரக்கதை பொய்யாகாது, ஆனால் பாதியாகிவிடும். இரண்டையும் வரையும் ஓவியர், முதலாவதில் துப்பாக்கி ஏந்தியவருக்குக் கொடுத்த கறுப்பை இரண்டாவதில் பிணமாகக் கிடப்பவரின் ஊருக்குக் கொடுக்க முடியாமல் திணறுவார். அந்தத் திணறலை மறைக்காத கோடுதான் எனக்கு வேண்டியது.

மிஞ்சுவது ஒலி. முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையைக் காதில் வைத்து மீனின் பாட்டைக் கேட்பது இங்கே பழைய வழக்கம். லாங் அடிகள் என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு அதை ஒலிப்பதிவே செய்தார். குண்டுவீச்சைப் பெரிய எழுத்தில் கட்டம் முழுக்க அதிர வைக்கச் சித்திரக்கதைக்குத் தெரியும். இந்த மெல்லிய ஒலிக்கு எழுத்துப் போட்டால் கெட்டுவிடும். கேட்பவரின் முகத்தை மட்டும் வரைய வேண்டியதுதான், அதில் கறுப்பு வெள்ளைக்கு ஈடில்லை. பேச்சுக்கு அப்படி ஒதுங்க முடியாது. தமிழ் வரிகள் நீளமானவை. 'மறுகா' (பிறகு) என்று தொடங்கித் தொடங்கிச் சொல்லப்படும் மட்டக்களப்புப் பேச்சு இன்னும் நீளம். நெருக்கமான கட்டங்களில் பேச்சுக்குமிழ் முகத்தைத் தின்றுவிடும். வாவிக்கு மேலேயோ வெறும் வானம் இருக்கிறது. தட்டைக் கறுப்பால் அதை அடைத்துவிடாமல் விட்டுவைத்தால் குமிழ்களுக்கு அங்கே வேண்டிய மட்டும் இடம் உண்டு.