தரம் உயர்ந்தது, கதவு அடைபட்டது

மருத்துவம் கற்கத் தகுதியுடையார் யார்? கற்பிக்கத் தகுதியுடையார் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூற முனைந்த அறிக்கை ஒன்று 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. கார்னகி அறநிறுவனத்துக்காக அதனை எழுதிய ஆபிரகாம் பிளெக்ஸ்னர் மருத்துவரல்லர், கல்வியாளர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை அவர் ஆராய்ந்தார். மருத்துவக் கல்வியின் மறுமலர்ச்சி ஏடு என்று அதனைப் போற்றுவர். போற்றத்தக்கன அதில் உள என்பதை நாமும் மறுக்கவில்லை.

அந்நாளைய பள்ளிகள் பல, கல்விக்கூடங்களல்ல, கட்டணக் கடைகள்! உள்ளூர் மருத்துவர் சிலர் கூடுவர். ஓய்வு நேரத்தில் உரையாற்றுவர். மாணவர் தரும் கட்டணத்தைப் பங்கிட்டுக் கொள்வர். ஆய்வுக்கூடமோ பெயரளவில். உயர்நிலைப் படிப்பை முடிக்காதவர்க்கும் இடமுண்டு! இந்த வாணிகத்தைத் தோலுரித்தார் பிளெக்ஸ்னர். இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்ற ஈராண்டுக் கல்லூரிப் படிப்பேனும் வேண்டும் என்றார். அடிப்படை அறிவியலைக் கற்பிக்க, அதனையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர் வேண்டும் என்றார். பகுத்தறிவாளர் எவரும் வரவேற்பர்.

ஆனால், கறுப்பின மக்களைப் பற்றிய சிற்றதிகாரத்தில் அறிவியல் ஒதுங்குகிறது. நிறவெறி எட்டிப் பார்க்கிறது. கறுப்பின மருத்துவர் தம் இனத்தாருக்கே பணியாற்றட்டும். அறுவை மருத்துவத்தினும் சுகாதாரப் பணியே அவர்க்கு ஏற்றது என்பது அங்கே காணும் கருத்து. எந்த ஆய்வுக்கூடம் கண்ட உண்மை இது?

கறுப்பினத்தாருக்கென இருந்த பள்ளிகள் 7. அவற்றுள் ஹோவர்டு, மெஹாரி இரண்டையே வளர்க்கலாம் என்றார். 1923க்குள் மற்ற ஐந்தும் மறைந்தன. ஒரு பள்ளி மூடப்பட்டால் வெள்ளை மாணவன் அடுத்த ஊருக்குப் போவான். கறுப்பின இளைஞன் எங்கே போவான்? தென்மாநிலங்களின் வெள்ளையர் மருத்துவப் பள்ளியொன்றில், ஆர்க்கன்சாவில், ஈடித் ஐர்பி என்ற கறுப்பினப் பெண் முதன்முதலாக நுழைந்தது 1948இல்தானே!

தரம் வேண்டுமெனில் சிலர்க்குக் கதவடைப்பது தவிர்க்கவொண்ணாதது என்று வாதிடுவோர் உளர். பிளெக்ஸ்னர் முன்மாதிரியாகக் கொண்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளியே அவர்க்கு மறுப்பு. 1893இல் அது தொடங்கப் பெருநிதி வழங்கிய மேரி காரெட் அம்மையார், சேர்வோர் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றார். ஆடவர்க்கு இணையாகப் பெண்டிரையும் சேர்க்க வேண்டும் என்றார். தரமும் உயர்ந்தது, பெண்களுக்குக் கதவும் திறந்தது. பெண்களுக்கு இயன்றது கறுப்பினத்தாருக்கு இயலாமற் போனது அறிவுக் குறைவாலன்று, மனமின்மையால்.

2020இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் விருதிலிருந்து பிளெக்ஸ்னரின் பெயரை நீக்கியது. பெயரை நீக்கிவிட்டனர், சரி. உருவாகாமலே போன மருத்துவர்களை எங்கே தேடுவது? மருத்துவரின்றி மாண்டோர்க்கு யார் விடை கூறுவது?

தோழர்களே! தகுதியின் படியை உயர்த்துக என்று எவரேனும் முழங்கினால் நாம் எதிர்க்க வேண்டியதில்லை. ஏறிவர ஏணி எங்கே என்று கேட்போம். ஏணி தராமல் படியை மட்டும் உயர்த்துவோர் நாடுவது தரமன்று, தனியுரிமை!