அடுப்புக்குள் காலை நீட்டிய மோகினி

ஜெகன்மோகினி! பேரைச் சொல்லும்போதே முழங்கையில் முடி குத்திட்டு நிற்கிறது பாருங்கள். ஐம்பது தாண்டிய ஆள் நான், வெட்கமே இல்லை. விட்டலாச்சார்யா 1978-ல் தெலுங்கில் எடுத்த அந்தப் பேய்ப்படம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் நெசவு ஊரான இளம்பிள்ளைப் பக்கம் வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயசு. அப்போதெல்லாம் படம் சேலத்தில் ஓடித் தேய்ந்து, பிரிண்ட் முழுக்கக் கோடு விழுந்து, மழை பெய்ய ஆரம்பித்த பிறகுதான் எங்கள் டெண்ட் கொட்டகைக்கு வரும். வரட்டுமே! பேய்ப்படத்துக்கு மழை நல்லதுதானே?

கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கூட வாருங்கள். ராத்திரி ஆட்டம். கொட்டகையில் ரெக்கார்டு போட்டுவிட்டார்கள், சத்தம் கஞ்சமலையில் முட்டித் திரும்பி வருகிறது. நான் தறிக்கு நூல் தார் சுற்றிச் சேர்த்த காசை உள்ளங்கையில் வேர்க்க வேர்க்கப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது, ஆனால் பின்னால் இருப்பவர் மேட்டைக் காலால் உதைத்துத் தரைமட்டமாக்குவார், நாம் மறுபடி குவிக்க வேண்டும். ஒரே புரொஜெக்டர், அதனால் ரீலுக்கு ரீல் விளக்குப் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து "நான் ஒண்ணும் பயப்படலையே" என்று சிரிப்போம் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே தனியாக டிக்கெட் வாங்கலாம்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது.

அடுப்பு எரிய வேண்டும். விறகு இல்லை. பேய் என்ன செய்கிறது? விறகு தேடிப் போகவில்லை, பக்கத்து வீட்டில் கடன் கேட்கவில்லை, நிதானமாகத் தன் காலைத் தூக்கி அடுப்புக்குள் நீட்டிவிட்டது! கால் எரிகிறது, உலை கொதிக்கிறது, அதன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. கொட்டகையே ஒரு நொடி மூச்சை நிறுத்திவிட்டது, அடுத்த நொடி பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யோ சாமீ" என்று ஒரு சத்தம், கைக்குழந்தைகள் வீறிடுகின்றன, எனக்குப் பின்னால் சோடா குடித்துக்கொண்டிருந்தவர் சோடாவை என் மேலேயே துப்பிவிட்டார், நான் துடைக்கக்கூட இல்லை, கண்ணைப் பொத்திய விரலிடுக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பயத்தில் வயிறு கலங்குகிறது, அதே வயிற்றிலிருந்து சிரிப்பும் கிளம்பி வருகிறது, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, பக்கத்தில் இருந்த என் சிநேகிதன் என் தொடையைக் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது, நான் அவனைக் கிள்ளியது பத்து நாள். இதைவிட ஒரு சினிமா என்னதான் செய்துவிட முடியும், சொல்லுங்கள்!

வீட்டுக்கு வந்தால்தான் வினை. எங்கள் வீட்டில் குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதிக்க வேண்டும். அப்பா இடுப்புக்கு மேலே வெளிச்சத்தில் இருப்பார், கால் இரண்டும் இருட்டில் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த குழிதான். அன்றைக்கு ராத்திரி அந்தக் குழியைத் தாண்டிப் பாய்க்குப் போக முடியவில்லை என்னால். உள்ளே யாரோ காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போய் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் சாயங்காலம்? மறுபடியும் கொட்டகை வாசலில் நின்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இதை எங்கள் ஊர்க்காரன்தான் சொல்ல முடியும். பாவில் ஓர் இழை அறுந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண்கள் எங்களுடையவை. இந்த மாதிரிப் படங்களில் பானை பறக்கும், கத்தி பறக்கும், மண்டை ஓடு பறக்கும். மெட்ராஸ்காரர்களுக்கு வேண்டுமானால் மாயம். எங்களுக்கு? "அதோ நூலு! நூலு தெரியுதுடா!" என்று கொட்டகையில் பாதிப்பேர் கத்துவார்கள், ஒருத்தர் எத்தனாம் நம்பர் நூல் என்றுகூடச் சொல்லிவிடுவார். நூலைக் கண்டுபிடித்துக் கைதட்டிய அதே ஆட்கள்தான் அந்த மண்டை ஓடு முகத்துக்கு நேரே வந்தபோது துண்டால் தலையை மூடிக்கொண்டார்கள். நூல் தெரிந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? ஒரே குறை, பேய் என்றால் ஏன் எப்போதும் வெள்ளைச் சேலை? இத்தனை கலரில் நெய்து தள்ளுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பார்க்க மனசு ஆறவில்லை.

விட்டலாச்சார்யாவே ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். உடுப்பிப் பக்கத்துக்காரர். மணலில் உட்காருகிறவனுக்கு எங்கே தூக்கம் வரும், எங்கே முறுக்கு கடிப்பதை நிறுத்துவான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நடிகர் யாராவது சம்பளத்துக்கோ தேதிக்கோ தகராறு செய்தால் அந்தப் பாத்திரத்தை முனிவர் சாபத்தால் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டுப் படத்தை முடித்துவிடுவாராம். சினிமாக்காரர்கள் சொல்லும் கதைதான், ஆனால் அந்த மனுஷன் செய்யக்கூடியவர்! கிளி எவ்வளவு சம்பளம் கேட்கும்?

காசில்லாத பேய்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான். 1968-ல் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டில் ரத்தமாக வழிவது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? 'ஈவில் டெட்'டுக்கு சாம் ரெய்மியின் ஆட்கள் கேமராவை ஒரு மரப்பலகையில் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். நம் மர்மயோகியையும் விடக் கூடாது. 1951-ல் பேய் வருகிறது என்று தமிழ்ப்படங்களிலேயே முதல் 'ஏ' சான்றிதழ் அதற்குத்தான் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் அது பேயே இல்லை, பேயாக நடித்த ராஜா! சென்சாருக்கே தண்ணி காட்டிய பேய்.

வீடியோ கேசட் வந்த காலத்தில் எவ்வளவு பார்த்தேன்! செத்தவனை மருந்து கொடுத்து எழுப்பும் வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்', மைக்கைப் பிடித்துப் பாடியே பழகிய மோகனைக் கோரமாகக் காட்டிய 'உருவம்', 'ஓமன்' படத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த 'ஜென்ம நட்சத்திரம்'. எல்லாம் எனக்கு உயிர்தான். இருந்தாலும் மோகினி மோகினிதான்.

போன ஆடிப்பெருக்குக்கு விசைத்தறி எல்லாம் ஓய்ந்து ஊரே அமைதியாக இருந்தது. விடுவேனா? வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் எடுத்து, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பொடிசுகளை உட்காரவைத்து ஜெகன்மோகினி போட்டுவிட்டேன். முதல் அரைமணி நேரம் ஒரே கிண்டல். அக்கா மகன், ஒன்பது வயசு, "மாமா, இதெல்லாம் ஒரு கிராபிக்ஸா?" என்கிறான். நான் பொறுமையாக இருந்தேன். எனக்குத் தெரியும், அடுப்பு வரப்போகிறது. வந்தது. கால் நீண்டது. மாடியில் சத்தமே இல்லை. காற்றில் வேட்டி லேசாக ஆட, மோகினியும் சேர்ந்து நெளிந்தாள் பாருங்கள், அடடா, அது விட்டலாச்சார்யாவே நினைக்காத எஃபெக்ட்! பயல் மெதுவாக நகர்ந்து வந்து என் மடியில் ஏறிக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவன் ஏறியதில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்புறம் ராத்திரி அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனபோது இரண்டு டார்ச் எடுத்துக்கொண்டோம்.

காலையில் எழுந்து வந்தால், அவன் சமையல்கட்டு வாசலில் குனிந்து நிற்கிறான். உள்ளே அம்மா கேஸ் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடா சாமி பாக்கற?"

"ஒண்ணுமில்ல அம்மாயி. உங்க காலு ரெண்டும் கீழதான் இருக்குதான்னு பாத்தேன்."

அவன் தலைக்கு மேலாக நானும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துக்கொண்டேன்.