சொந்த லாரி இல்லாத ஒப்பந்ததாரர்

அமெரிக்காவில் வார இறுதியில் மட்டும் லாரி ஓட்ட வருபவர்களைப் பல சிறு நிறுவனங்கள் சம்பள ஊழியராகச் சேர்ப்பதில்லை; ஒப்பந்ததாரர் என்று எழுதிக்கொள்கின்றன. ஆண்டு முடிவில் ஊழியருக்குரிய டபிள்யூ-2 படிவத்துக்குப் பதில் 1099 படிவம் வரும். பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுக் காசோலை கைக்கு வருவதால், வாரநாட்களில் வேறு வேலை பார்ப்பவருக்கு இது லாபமாகவே தெரிகிறது.

இந்த ஏற்பாட்டையே மோசடி என்று தள்ளிவிட முடியாது. சொந்த லாரி வைத்து, டீசலும் டயரும் தன் செலவில் போட்டு, கட்டுப்படியாகாத லோடை மறுக்கக்கூடியவர் உண்மையிலேயே தொழில் செய்கிறார். தேய்மானம், காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் கழித்து மிச்சத்துக்குத்தான் வரி கட்டுகிறார். நிறுவனத்தின் லாரியை, நிறுவனம் சொன்ன நேரத்தில் ஓட்டுபவருக்கும் அதே பெயரைச் சூட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. கழித்துக்கொள்ள அவரிடம் என்ன செலவு இருக்கிறது? வெளியூரில் இரவு தங்குபவருக்குக் கிடைக்கும் சாப்பாட்டுக் கழிவுகூட அன்றே வீடு திரும்புபவருக்கு இல்லை.

ஆண்டுக்கு 20,000 டாலர் இப்படி வருகிறது என்று கொள்வோம். ஊழியராக இருந்தால் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் அவர் பங்கு 7.65 சதவீதம், அதாவது 1,530 டாலர். ஒப்பந்ததாரர் என்றால் முதலாளியின் பங்கும் அவர் தலையில் விழும். ஏறக்குறைய 2,826 டாலர். அதில் பாதியை வருமானத்தில் கழிக்கலாம். தொழில் வருமானத்துக்கான 20 சதவீதக் கழிவும் கிடைத்தால், 22 சதவீத வரி அடுக்கில் உள்ளவருக்கு இந்த இழப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடும். ஆனால் அந்தக் கழிவு உண்மையான தொழில்காரருக்கு மட்டுமே உரியது. வேலையின் கட்டுப்பாடு யார் கையில் என்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பார்க்கும்போது, அடுத்தவர் லாரியை ஓட்டுபவர் அங்கே நிற்பது கடினம். முன்வரியைத் தவணைத் தேதிகளில் கட்டத் தவறினால் அபராதம் வேறு. வாரநாள் வேலையில் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்திக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது இதற்கு எளிய வழி.

பலரும் கவனிக்காமல் விடும் ஆபத்து நேரக் கணக்கில் இருக்கிறது. மத்திய விதிப்படி ஓட்டுநர் வேறு எங்கு கூலிக்கு வேலை செய்தாலும் அது பணிநேரமாகவே சேரும். மளிகைக் கடையில் அடுக்கும் வேலையும் சேரும், அலுவலக வேலையும் சேரும். வாரம் முழுவதும் லாரிகளை இயக்காத நிறுவனத்தில் 7 நாளில் 60 மணி நேரம் வேலை பார்த்துவிட்டால் அதற்கு மேல் லாரி ஓட்டக் கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை 50 மணி நேரம் வேறு வேலை பார்த்தவருக்கு அந்த வார இறுதியில் மிஞ்சுவது 10 மணி நேரம்தான். ஓய்வு நேர விதிப்படி, வெள்ளி இரவு 10 மணிக்குக் கடையை விட்டு வந்தவர் சனி காலை 8 மணிக்கு முன் லாரியை எடுக்கக் கூடாது. மின்னணுப் பதிவேட்டில் வாரநாள் வேலையைக் காட்டாமல் ஓட்டி விபத்து நடந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் கடையின் வருகைப் பதிவேட்டைக் கேட்பார்.

இத்தனைக்கும் அதே பாதுகாப்பு விதிகள் லாரி ஓட்டும் ஒப்பந்ததாரரையும் நிறுவனத்தின் ஊழியராகவே கொள்கின்றன. சாலையில் ஊழியர், சம்பளப் பட்டியலில் அந்நியர்! லோடை அவிழ்க்கும்போது தோள் பிசகினால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு அவருக்குத் தானாகக் கிடைக்காது. நிறுவனம் வாங்கித் தரும் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் வரம்புக்குட்பட்டது. அதன் சந்தாவையும் சில இடங்களில் ஓட்டுநர் கூலியிலேயே பிடிக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் ஏபி5 சட்டம், நிறுவனத்தின் வழக்கமான தொழிலையே செய்பவரைப் பொதுவாக ஊழியராகக் கருதுகிறது. நீதிமன்றத் தடை விலகி 2022இல் அது லாரித் தொழிலுக்கும் வந்தபோது, சொந்த லாரிக்காரர்கள் ஓக்லாந்து துறைமுகத்தை மறித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. லாரி உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே தட்டில் வைத்தால் அந்தச் சட்டமும் பிழைதான்.

லாரி உங்களுடையது இல்லையென்றால் டபிள்யூ-2 கேளுங்கள். மறுத்தால் எஸ்எஸ்-8 படிவத்தில் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் முடிவு கேட்கலாம், கட்டணம் இல்லை. பதில் வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை 8919 படிவத்தின் மூலம் ஊழியர் பங்கை மட்டும் கட்டலாம்.